ஆளில்லாத படங்கள்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்,
ஜனவரி 18

அன்புள்ள மனோரஞ்சிதம்,

நீயும் மகள் ஆரபியும் பேரனும் பெர்த்தில் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் குரலை உயர்த்திவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அலமாரியில் கிடந்த பழைய ஃபிலிம் சுருள்களைத் தேக்காவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வெங்கட்டிடம் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். எல்லாம் மலாக்கா குன்றின்மேல் இருக்கும் அந்த இடிந்த தேவாலயம். கூரையில்லாத சுவர்கள், சாய்த்து வைத்த கல்லறைக் கற்கள், சுற்றிலும் கிழட்டு மரங்கள். கல்யாணமான புதிதில் வருடம் தவறாமல் போவோமே. வெங்கட் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆன்ட்டியும் கூட வந்தாங்கன்னீங்க. ஒரு படத்துலகூட காணோமே லா?" என்றான்.

ஆள் நின்றால் அந்த இடத்தின் அமைதி கெட்டுவிடும், ஓரமாகப் போ என்று நான்தானே உன்னை விரட்டுவேன். ஒருமுறை உன் சேலைத் தலைப்பு படத்தில் விழுந்துவிட்டதென்று சிங்கப்பூர் வந்து சேரும்வரை உன்னோடு பேசவில்லை. "செத்தவங்க கல்லெல்லாம் படத்துல இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா?" என்று கேட்டாய்.

போன சனிக்கிழமை பேருந்து பிடித்துத் தனியாக மலாக்கா போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் ஓட்டை வழியே வெயில் இறங்கி, ஈரச் சுவரில் இலை நிழல் ஆடியது. ஒருவருமில்லை. நாற்பது வருடமாக நான் காத்திருந்த வெளிச்சம், மனோ. கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். அமுக்க மனம் வரவில்லை.

நீ வழக்கமாக ஒதுங்கும் வாசல் மூலைக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியவில்லை, மரம்கூடத் தெரியவில்லை. வெறும் கல். கால்மணி நேரத்தில் கால் கடுத்துவிட்டது. நீ மணிக்கணக்காக நின்றிருக்கிறாய்.

ஆரபியின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். பேரன் இப்போது நடக்கிறான். ஏன் வரவில்லை என்று கேட்டு இனி சண்டை போடமாட்டேன்.

நம் அடுக்குமாடி புளோக்கில் எல்லா வீட்டுக்கும் வாசற்கதவு மாற்றுகிறார்கள். புதுக் கதவிலும் பழைய பூட்டையே பொருத்தச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இருக்கும் சாவியே போதும்.

பேரனுக்கு என் ஆசீர்வாதம். வெயிலில் அதிகம் அலையாதே.

உன்
அந்தோனிப்பிள்ளை