கரையில் நடந்தவன்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

கடற்கரை விடுதியில் அறைக்கு ஒரு குறையுமில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினால் ஈர நாற்றம். அத்தைக்கு வந்த அன்றே காப்பியில் குறை, தலையணையில் குறை. கடலில் மட்டும் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த வாட்டர் கலர் டப்பாவைத் தினமும் மணலில் விரிக்கிறேன். "ஈரம் காயறதுக்குள்ள முடிச்சிடுங்க மாமா, அப்புறம் கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாய். ஆயுசு முழுக்க ஸ்கேல் பிடித்து வீட்டு பிளான் போட்டவனுக்கு அது லேசில் வருமா? வானம் சரியில்லை என்று மறுபடி தொடுவேன், எல்லாம் சேறாகிவிடும். அத்தை எட்டிப் பார்த்து, "இது கடலா, காப்பி கொட்டினதா?" என்பாள்.

போகப்போகக் கொஞ்சம் கை வந்தது. படகு, நாய், ஐஸ்கிரீம் வண்டி, நடந்து போகிறவர்கள். ஆட்களுக்கு முகம் போட நேரமிருக்காது. உடம்புக்கு ஒரு தீற்றல், தலைக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதில்தான் வினை வந்தது.

நேற்றுக் காலை ஒருவன் எங்களைக் கடந்து தண்ணீரோரமாகப் போனான். அவசரமாக வரைந்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. முடித்துவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. நம் பையனின் நடை. அவன் போய் இரண்டு வருஷமாகிறது, என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. தாளைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தேன்.

அதற்குள் அத்தை பார்த்துவிட்டாள். எழுந்து அந்த ஆள் பின்னாலேயே கிளம்பினாள். முட்டிவலிக்காரி, ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைக் கடைசியாகத் துடைத்துவிட்டவள் அவள், உனக்குத் தெரியும். தெரிந்துதான் போனாள். பாறைகள் தொடங்கும் இடத்தில் அந்த ஆள் எதற்கோ திரும்பினான். அவள் நின்றுவிட்டாள்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் இல்லைங்க" என்றாள், நான் ஏதோ கேட்டுவிட்டதைப் போல. பெற்ற வயிறு அல்லவா. இருவரும் வெட்கம் பார்க்காமல் அழுதோம். பக்கத்துக் குடையிலிருந்து ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் ஆறியதும் அத்தையே உன் பேச்சை எடுத்தாள். நாங்கள் கிளம்புமுன் நீ போனில் சொன்னாயே, ஆபீசில் கூட வேலை செய்கிறவர் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார், நாங்கள் சரி என்றால்தான் அவருக்குப் பதில் சொல்வாய் என்று. கடிதம் போடுகிறேன் என்று நழுவினேன். அத்தை அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாமதான் யாரோட முதுகையோ பார்த்துட்டு ஓடுறோம். அவ சின்னப் பொண்ணுங்க. எதிர்ல ஒரு முகத்தைப் பார்த்துட்டு இருக்கட்டும். சரின்னு எழுதிடுங்க."

சரி அம்மா. எங்கள் இருவருக்கும் சம்மதம். மனம் குளிர்ந்து சொல்கிறோம் என்று எழுதினால் பொய், நீயும் கண்டுபிடித்துவிடுவாய். மனசு உடைந்துதான் சொல்கிறோம். ஆனால் அரைமனதாகச் சொல்லவில்லை. எங்களை நினைத்துத் தயங்காதே, அவரையும் காக்க வைக்காதே.

அந்தப் படத்தை அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அது உனக்கு வேண்டாம். படகுப் படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு ஒரே ஒரு கவலை. புது வீட்டிலும் உனக்கு ஒரு மாமா, ஒரு அத்தை இருப்பார்கள். அப்புறம் எங்களை யார் என்று சொல்லுவாய்? படுத்தபிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள். என்றைக்காவது ஒரு நாள், அவரையும் கூட்டிக்கொண்டு, எங்கள் கதவைத் தட்டு. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
இன்னும் உன் மாமா