வேனில் ஏறிய அடுப்புச் சிலிண்டர்

தம்போய்
12.3.2023

அன்புள்ள லூசி,

நான் நலம். பாப்பா ஜெனிக்குச் சளி விட்டதா? போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இங்கே பட்டறையில் டாக்சிகளுக்கு இயற்கை எரிவாயு பொருத்துகிறோம், செலவு பாதி, புகை இல்லை, எஞ்சின் ஆயில்கூடச் சீக்கிரம் கறுக்காது என்று நான்தான் பெருமையடித்தேன். இரண்டும் காஸ்தானே என்று உன் தம்பி சவரி பள்ளிக்கூட வேனில் சமையல் சிலிண்டரை மாட்டியிருக்கிறான். நீயும் வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். அறிவிருக்கிறதா உங்கள் இருவருக்கும்?

போன வாரம் இங்கே ஒரு குழாய் கசிந்தது. பயப்படாதே, கதவுகளைத் திறந்துவிட்டோம். "ஒன்னும் இல்லலா, காஸ் மேல போயிருச்சு, வேலையப் பாருங்க" என்றார் முதலாளி ரொனால்ட். இந்த வாயு காற்றைவிட லேசு. சமையல் காஸ் கனம். கசிந்தால் வேனுக்குள் தரையிலேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

இன்றே அதை இறக்கி, அடுப்படியில் வைத்துப் படம் அனுப்பு. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ அனுப்பிய படத்தில் ஜெனி வேனில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கால் எட்டாததால் அந்தச் சிவப்புச் சிலிண்டர்மேல் வைத்திருக்கிறாள்.

பிரிட்டோ