நல்லா இருக்கா சார்

அன்புள்ள வாலு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல உடனே கேட்டு எழுத இந்த முறை கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வங்கியில் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இல்லை சார், அவள் இன்னும் நன்றாக இல்லை என்பதுதான் அது. வாய் வரை வந்தது.

உன் படிப்புக் கடனை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்தோமே, அதற்காக எங்களை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். மேலாளர் நல்ல மனிதர்தான், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டார். தெருவில் யார் கேட்டாலும் சொல்வதுபோல, நல்லா இருக்கா சார், எல்லாம் உங்க ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டார் அப்பா. பக்கத்தில் இருந்த பெண் அதையும் தட்டச்சு செய்துகொண்டாள். நான் மறுத்துச் சொல்லத் திரும்பினேன். உன்னை ஒருவர் அன்பாக விசாரித்துவிட்டார் என்று அப்பா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, பேசாமல் இருந்துவிட்டேன். பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. தப்பா சொல்லிட்டேனா என்று கேட்டார், இல்லை என்றேன்.

நோய் இனித் தீரவே தீராது என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் கடன் ரத்தாகுமாம். உன் டாக்டர் தேறி வருகிறாள் என்று எழுதியிருக்கிறார். அந்த வார்த்தைக்காக எவ்வளவு காத்திருந்தோம், அதையே எங்கள் முன்னால் நீட்டுகிறார்கள். பொய் சொல்லி வருகிறவர்களும் இருப்பார்கள், அதனால் விதி போட்டவர்களை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிற நோயிடம் போய், என்றைக்கும் இப்படியேதானா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? நீ படுக்கையை விட்டு எழ முடியாமல் கடைசி வருடத்தை விட்டது நடக்காததாகிவிடுமா? கடன் வேண்டாமென்றால் தேறாதே என்று சொல்வதுபோல இருக்கிறது.

உன் அறைச் சுவரில் நீ பாதி வரைந்த கட்டடம் அப்படியே ஒட்டியிருக்கிறது, மாடிப்படி எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. அப்பா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அங்கே விளக்கைப் போட்டு அணைக்கிறார். பல்பு எரியுதான்னு பார்த்தேன் என்கிறார். அது என்ன பல்போ, தினமும் சந்தேகம்.

ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலை என்கிறாய், மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் கேட்டதும் நல்லா இருக்கேன் சித்தி என்று சொல்லிவிடாதே, யோசித்துச் சொல். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, நான் வைத்துவிட மாட்டேன்.

அப்பாவைக் கட்டிக்கொண்டதால் மட்டும் உனக்கு அம்மாவாகிவிடும் வயது எனக்கில்லை என்று கிண்டல் செய்வாய். ஆசீர்வாதத்துக்கு வயது பார்க்க வேண்டாம். மனம் லேசாகி, நன்றாகத் தூங்கி எழு.

உன் வரவை எண்ணியிருக்கும்
சித்தி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. மாணவி நலமாக இருப்பதாகப் பெற்றோரே தெரிவித்ததால் கடனை ரத்து செய்ய இயலாதாம். அப்பா இன்று தனியாக வங்கிக்குப் போய், அதே நாற்காலியில் உட்கார்ந்து, நல்லா இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தார். ஃபைலை மூடிவிட்டோம் என்றார்களாம்.