கழிப்பறை இல்லாத கழிப்பறைக் கல்வெட்டு

அனுப்புநர்
அ. ஆசியா பீவி,
க/பெ. சபியுல்லா (பினாங்கு),
பள்ளிவாசல் தெரு, காரைக்குடி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: செம்மலை நினைவு உயர்நிலைப் பள்ளி – மாணவிகள் திரட்டிய காசு வீணடிக்கப்பட்டது – என் மகள் நீக்கப்பட்டது – நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் அமீனாவின் தாயார் நான். அப்பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. என் மகள் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல்தான் பள்ளிக்குப் போவாள். ஏன் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என நம்புகிறேன்.

2. நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்த மாணவிகள், தலைமையாசிரியர் அனுமதியோடு, அமீனாவை முன்னிறுத்தித் தாங்களே காசு திரட்ட இறங்கினார்கள். வீட்டுக்கு வீடு மண்கலயம் கொடுத்தார்கள். எவர் கலயம் அதிக எடையோ அவர் பெயர் கல்வெட்டில் வரும் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பழைய பர்மாக் காசு கிடக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். பிள்ளைகள்தானே.

3. சித்தாள் வேலைக்குப் போகும் மலையம்மாள், முந்தியில் முடிந்திருந்த கூலியை அவிழ்த்துக் கலயத்தில் போட்டாள். பள்ளிச் செயலாளரோ இரண்டு ஆட்கள் தூக்கிவர ஒரு கலயம் அனுப்பினார். தராசுத் தட்டு தரையில் இடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அந்தக் கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன். கலயத்தை உடைத்தால் உள்ளே முழுக்க அவர் பாட்டனார் காலத்துப் பர்மாக் காசு. அதற்குப் பெட்டிக்கடையில் ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது.

4. விதி விதிதான் என்றார் செயலாளர். மற்றவர்கள் போட்ட நல்ல காசில் சலவைக்கல் வாங்கி, தம் பெயரைப் பொறித்து, கழிப்பறை வரவேண்டிய பொட்டலில் நட்டு, மைக் செட், மாலை, காபி பலகாரத்தோடு திறப்பு விழாவும் நடத்திக்கொண்டார். காசு தீர்ந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே பிள்ளையாரும் அவரே. அவர் பெயரை இம்மனுவில் எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கல்லில் பெரிதாகவே இருக்கிறது. கட்டடம் எங்கே என்று கேட்ட பிள்ளைகளிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேரு வச்சாச்சுல்ல, கட்டடம் தன்னால வரும். போங்க அங்குட்டு.”

5. கட்டடம் வரவில்லை. ஆளுயரக் கல் மட்டும் நிற்கிறது. அந்தப் பொட்டலில் வேறு மறைவு இல்லாததால் பிள்ளைகள் அதன் பின்னால்தான் ஒதுங்குகிறார்கள். இதை எழுத நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர் வேறு.

6. சென்ற வாரம் இதைக் காவலாளி சொல்லக் கேட்ட செயலாளர், தம் பெயரை அசிங்கப்படுத்திவிட்டதாக அமீனாவைப் பள்ளியை விட்டே நீக்கிவிட்டார். ஒதுங்கியவர்கள் பலர், காசு திரட்டியவள் என்பதால் தண்டனை அவளுக்கு மட்டும். பதினோராம் வகுப்பு முடியும் இந்த மார்ச்சில் அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நான் எட்டாம் வகுப்போடு நின்றதும் இதே கழிப்பறை இல்லாத கொடுமையால்தான். என் மகளும் நிற்கக் கூடாது.

ஆகவே, அவளை மீண்டும் சேர்த்துப் பரீட்சை எழுத விடவும், பரீட்சைக்கு முன் நிர்வாகத்தின் செலவில் கழிப்பறை கட்டவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நேரிலும் வந்து பார்வையிட வேண்டும். வந்தால் அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி மாலை போடுவார்கள். போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. பிறகு ஒரு தடவை அதன் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.

காரைக்குடி,
18-1-1971.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. ஆசியா பீவி