இருபத்திரண்டாவது படம்

8.1.1994

அன்புள்ள லிஃப்ட்டுக்கு,

டிசம்பர் ரோலின் பிரின்டுகள் வந்து சேர்ந்தன. என் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீருக்குள் நீ பழுது பார்க்கிற லிஃப்ட் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் நமக்கு வாய்த்த நல்ல படங்களில் இதையும் சேர்த்துக்கொள். ஆனால் உன் புது 28 எம்.எம். லென்ஸ் பற்றி நீ மூன்று பக்கம் பாடியிருக்கிற புராணத்தை நான் நம்பத் தயாரில்லை. நான்கு ஓரமும் மங்கல். வாங்கிவிட்டோமே என்பதற்காகப் புகழாதே.

வீட்டில் இவளிடம் காட்டினேன். ஒருவன் எடுத்து முடித்த ரோலை இன்னொருவனுக்கு அனுப்புவதும், அவன் அதன் மேலேயே மறுபடியும் எடுப்பதும் அவளுக்கு இன்றுவரை கிறுக்குத்தனம்தான். "எது கழுவுற ரோலு, எது மேல எடுக்கிற ரோலுன்னு எப்படிங்க தெரியும்?" என்று படுத்தபடியே கேட்டாள். நாக்கைப் பார்த்துத்தான் என்றேன். முழுக்க உள்ளே சுற்றிவிட்டால் அது கழுவ வேண்டியது. ஃபிலிமின் முனை நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உனக்கு, கேமராவில் போட்டு மேலே எடுக்க. "மூஞ்சி பாக்காத ரெண்டு பேரும் நாக்க நீட்டிப் பழகிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அவள் வாய்க்கு மட்டும் எந்த வியாதியும் வரவில்லை.

மற்றபடி செய்தி நல்லதில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நேற்று அவளாகவே பேச்செடுத்தாள். "சுவரு, குட்ட, சாக்கடைன்னு எல்லாத்தையும் எடுத்தாச்சு. என்னையும் ஒரு ரோல் எடுத்துருங்க." யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் படத்தை விட்டால் இந்த வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கண்டவர்களின் வாயையெல்லாம் அச்செடுத்துப் பல் செட் செய்து கொடுக்கிறவன், கட்டிய மனைவியை ஒரு தடவை நிற்க வைத்து எடுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

என் 50 எம்.எம். லென்ஸின் உள்ளே பூஞ்சை படிந்திருக்கிறது. அதை வைத்தே எடுக்கலாமா? உடனே எழுது.

உன்,
பல்லு

15.1.1994

அன்புள்ள பல்லுவுக்கு,

உன் கடிதத்தை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. தங்கச்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் உன் ஒவ்வொரு கடிதத்திலும் அவள் உன்னை ஒரு போடு போடாமல் இருந்ததில்லை. அதனால் நன்றாகப் பழகிய ஆள் மாதிரிதான் எனக்கு.

லென்ஸ் விஷயம். பூஞ்சை ஓரத்தில் இருந்தால் கவலைப்படாதே, முகத்துக்கு அது நல்லதே செய்யும். ஃபிளாஷ் கிட்டவே போகாதே. கட்டிலை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பு. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிடு, நிழல் குறையும். அபர்ச்சரை 2.8க்கு மேலே ஏற்றாதே, ஷட்டர் மெதுவாகிப் படம் அசங்கிவிடும். ஒரே நாளில் முப்பத்தாறையும் சுட்டுத் தள்ளாதே. அவளுக்குத் தெம்பு இருக்கும்போது நாலு நாலாக எடு.

ரோலை உங்கள் ஊர்க் கடையில் கொடுத்துவிடாதே. போன தடவை தலை முதல் வால் வரை கீறல் போட்டுக் கொடுத்தான் அந்தப் புண்ணியவான். எனக்கு அனுப்பு. என் கையாலேயே கழுவி, பெரிதாகப் பிரின்ட் போட்டு, அவள் கையில் சேரும்படி அனுப்புகிறேன். இது என் பொறுப்பு.

28 எம்.எம். மங்கலே இல்லை. உன் கண்ணைக் காட்டு டாக்டரிடம்.

அன்புடன்,
லிஃப்ட்டு

3.2.1994

அன்புள்ள லிஃப்ட்டுக்கு,

காலையில் பார்சலைப் போட்டுவிட்டேன். பதிவுத் தபால் வரிசை நீளமாக இருந்தது; இவளைத் தனியே விட்டு வந்ததால் நிற்க முடியாமல் சாதாரணப் பார்சலாகவே கொடுத்தேன். உள்ளே இரண்டு ரோல், ஒரே கம்பெனிதான். நாக்கு உள்ளே போயிருப்பது அவள். நாக்கு வெளியே இருப்பது குட்டைகள், வழக்கம்போல் உனக்கு.

நீ சொன்னபடியே செய்தேன். ஒன்பது நாள், நாளுக்கு நாலு படம். முதல் நாள் ஆள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். கேமராவைக் கண்ணில் வைத்திருந்தால்தான் நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேனாம். கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லாமல் அழுத ஒரு நாளைப் பற்றிக்கூடச் சொன்னாள். எடுப்பதா கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ரோலைச் சுற்றி முடித்ததிலிருந்து ஒரே கேள்விதான். "எப்பங்க வரும்?" பதினைந்து நாள் ஆகும் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அதுவரைக்கும் இருப்பேன்" என்றாள். சீக்கிரம் பார், லிஃப்ட்டு.

உன்,
பல்லு

20.2.1994

லிஃப்ட்டு,

பதினான்காம் தேதி காலை பத்தேகாலுக்குப் போய்விட்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது.

படங்கள் வரவில்லை. அவளுக்குக் காட்ட முடியவில்லை என்பதை இனி பேசிப் பயனில்லை. எனக்காவது வேண்டும். ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் முகத்தை நினைத்துப் பார்த்தால் கல்யாணப் படத்தில் இருக்கிற பெண்தான் வருகிறாள். என்னோடு முப்பது வருஷம் இருந்தவள் வர மாட்டேன் என்கிறாள்.

பல்லு

1.3.1994

அன்புள்ள பல்லுவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். என் மனைவியிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். கிளம்பி வரவேண்டும் என்றுதான் இருந்தது. வந்து உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பார்சல் இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் எங்காவது தங்கியிருக்கும். வந்தவுடன் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. பல் செட் வேலையை விட்டுவிடாதே, கைக்கு வேலை இருக்க வேண்டும்.

அன்புடன்,
லிஃப்ட்டு

18.3.1994

அன்புள்ள லிஃப்ட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போனேன். அதன்பிறகு ஒரு நாள் விடவில்லை. திறக்கும்போது போகிறேன், சாப்பாட்டு வேளையில் மூடும்வரை நிற்கிறேன். பார்சல் கவுன்டரில் இருப்பது ஐம்பது வயதுப் பெண்மணி. என்னை நினைவிருக்கிறது என்றார். "சார், என் கையாலதான் வாங்கி முத்திரை குத்திப் பையில போட்டேன். நீங்க அவசரமா ஓடினீங்க. பார்சல் போயிருச்சு சார்." எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான். போன செவ்வாய்க்கிழமை என்னால் அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவரைத் திருடி என்று சொல்லிவிட்டேன். அதோடு விடாமல் மேலதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன்.

அவரைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. நேற்று என் பட்டறைக்கே வந்துவிட்டார். அச்சுகளுக்கு நடுவில் நின்று அழுதார். ஓய்வு பெற ஏழு வருஷம் இருக்கிறதாம். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னுடையதைக் கொடு, நான் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன்.

நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலும் நீ ஒரு புகார் கொடு. இரண்டு பக்கமும் நெருக்கினால் எங்கிருந்தாவது வெளியே வரும்.

உன்,
பல்லு

27.3.1994

அன்புள்ள பல்லுவுக்கு,

அந்த அம்மாவை விட்டுவிடு. பார்சல் பிப்ரவரி எட்டாம் தேதியே எனக்கு வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நீ என்ன திட்டினாலும் சரி, முழுதும் படித்துவிடு. பார்சல் வந்த அன்று டெவலப்பர் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் பன்னிரண்டாம் தேதி தருவதாகச் சொன்னார். மறுநாள் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் எனக்கு வேலை. ஒரு ரோலைக் கேமராவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கயிறு, பல்சக்கரம், குழி என்று முப்பத்தாறையும் ஒரே நாளில் எடுத்து முடித்தேன். டெவலப்பர் வந்ததும் மற்ற ரோலைக் கழுவினேன். குட்டைகள் வந்தன. அப்படியென்றால் நான் கயிறும் சக்கரமும் எடுத்தது அவள் மேல். அவசரத்தில் நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன். உன் தப்பு இதில் எதுவும் இல்லை.

எப்படி எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவள் போன செய்தி வந்தது. வரவில்லை என்று எழுதிவிட்டேன். ஒரு வாக்கியம்தானே என்று நினைத்தேன். அதற்காக ஒரு பெண் வேலை போய்விடுமோ என்று அழுது நிற்பாள் என்று நினைக்கவில்லை.

முப்பத்தாறையும் பிரின்ட் போட்டு இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ ரோல் போடும்போது ஃபிலிம் தொடங்கும் இடம் தெரிய இழுக்கும் பேனாக் கோட்டில் வைத்தே நானும் போட்டதால், படத்தின் மேல் படம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முகத்தின் மேலெல்லாம் இரும்பு. முப்பத்தைந்து வீணாகிவிட்டது.

ஆனால் ஒன்று பிழைத்திருக்கிறது, பல்லு. இருபத்திரண்டாவது. என் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியுமே, லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் இருக்கும். அந்த ஒரு படத்துக்கு மூடியைக் கழற்ற மறந்திருக்கிறேன். என் பக்கம் வெறும் இருட்டு. அவள் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க, வாய்விட்டுச் சிரிக்கிறாள். நீ அப்படி என்ன சொன்னாய் அவளிடம்? சாகப்போகிறவள் இப்படிச் சிரிப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு பிரின்ட் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். என் மனைவி தினமும் பார்த்து, "இந்தச் சிரிப்புக்காகவே நேர்ல போய்ப் பாத்திருக்கணும்" என்கிறாள்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லிஃப்ட்டு

10.4.1994

அன்புள்ள லிஃப்ட்டுக்கு,

படங்கள் கிடைத்தன. முதலில் ஒரு விஷயம். முழுக்க உள்ளே சுற்றிய ரோலை எவனும் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட முடியாது. நாக்கை வெளியே இழுக்கவே அரை மணி நேரம் போராட வேண்டும். இவ்வளவு காலம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிறவனிடம் இந்தப் பொய் எடுபடுமா? நடந்தது எனக்கு நினைவு வந்துவிட்டது. அவள் ரோலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேட்டாள். கை பழக்கத்தில் நாக்கை வெளியே விட்டு நிறுத்திவிட்டது. மறுநாள் மேஜையில் இரண்டும் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. இதுதான் அவள் என்று ஒன்றை எடுத்து உள்ளே சுற்றினேன். அது குட்டைகள். ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். நான் சொன்னதைத்தான் நீ செய்தாய். உன் இரண்டு பொய்யும் எனக்காகத்தான் என்று தெரிகிறது.

தபால் நிலையத்துக்குப் போய் என் புகார் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தார், நான் பேசி முடிக்கும்வரை கேட்டார், கதவைச் சாத்திக்கொண்டார். சரிதான்.

முப்பத்தைந்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கயிறுகளுக்குப் பின்னால் ஒன்றில் கை தெரிகிறது, ஒன்றில் என் மூக்குக்கண்ணாடி தெரிகிறது. தேடித்தான் பார்க்க வேண்டும். அவை எனக்குப் போதும்.

இருபத்திரண்டாவது சிரிப்பு இல்லை, லிஃப்ட்டு.

ஆறாம் நாள் அது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு வலி வந்துவிட்டது. சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் அப்படித் திறந்துகொண்டது. கேமரா என் கண்ணில் இருந்தது. கீழே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஃபோகஸ் சரிபார்த்து அழுத்தினேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. வலி அடங்கிய பிறகு என்னைத் திட்டவில்லை. "அத மட்டும் யாருக்கும் காட்டாதீங்க. நீங்களும் பாக்காதீங்க" என்றாள். சரி என்றேன். உனக்கு எழுதியபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம்கூட ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பிரின்டுகள் வந்ததும் உன் கடிதத்தைப் படிக்கும் முன்பே, கையால் தள்ளினால் அவள் முகத்தின் மேலிருக்கிற இரும்பு விலகிவிடும் என்று நினைத்தவன் மாதிரி எல்லாவற்றையும் வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் பெரிதாக அது.

நீ அவளைப் பார்த்ததே இல்லை. உனக்கு அவள் என்றால் இனி அந்த முகம்தான். உன் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அதுதான் வரும். இதில் உன் மேல் கோபம் ஒரு துளியும் இல்லை. ஆனால் இனி உனக்கு எழுத என்னால் முடியாது.

இங்கே வந்ததை எரித்துவிட்டேன். உன் கூடத்தில் மாட்டியிருப்பதை இறக்கு. உன் மனைவியிடம் என்ன சொல்வாயோ சொல். நெகட்டிவில் அந்த ஒன்றை வெட்டி எடுத்து எரித்துவிடு. எரிப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்க்காதே.

செய்துவிட்டேன் என்று எனக்கு எழுத வேண்டாம். நீ செய்துவிடுவாய் என்று தெரியும்.

உன்,
பல்லு