நல்ல காலில் வைத்த செங்கல்

அண்ணே,

இன்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பிசுபிசுவென்று ஏதோ பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு வாரமாகச் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். முதுகெலும்பு விலகித் தண்டுவடத்தை அழுத்துகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கணுக்காலில் சின்னச் சின்னதாக ஷாக் வைத்தார்கள். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக மண்டைக்கு எப்போது வந்து சேருகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். ஷாக்குக்குப் பயந்து அல்ல. உன் கால் நினைவுக்கு வந்துவிட்டது.

டாக்டர் என் மகளைவிடச் சின்னவள். "உடம்புக்குள்ள ஓடுறதும் கரண்டுதானாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு மாதிரி கரண்டுதாம்மா. ஆனா கம்பியில ஓடுற மாதிரி ஓடாது. நரம்புல ஒவ்வொரு இடமும் அடுத்த இடத்தை எழுப்பிவிட்டுக்கிட்டே மேல போகும்" என்றாள்.

நடவு வயலில் நாற்றுக்கட்டு கைமாறிப் போவதுபோல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, வீட்டை விட்டு வெளியே யாரிடமும் சொல்லாத உன் கதையை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய அந்தத் தை மாதம், ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் மாறும் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். நம் ஊர்க் களத்தில் மட்டும் பண்ணையார் வைத்ததுதான் சட்டம். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு நம் ஆட்கள் அறுப்புக்கு இறங்காமல் நின்றார்கள். அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்த தள்ளுமுள்ளில் யாருடைய அரிவாள் முனையோ உன் முதுகில், நடுவெலும்பை ஒட்டி வலப்பக்கமாக இறங்கியது. காயம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஆனால் நீ எழுந்தபோது வலது கால் உன்னோடு எழவில்லை.

குத்துப்பட்ட உன்மேலேயே கேஸ் என்று சேதி வந்தது. வைக்கோலுக்கு அடியில் உன்னைப் படுக்க வைத்து, வலங்கைமான் பக்கத்தில் சித்தி வீட்டுக்கு வண்டி கட்டினோம். பகலிலும் கதவை அடைத்துவிட்டு இருட்டுக்குள் கிடந்தோம். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா உன் வாயைப் பொத்துவாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ணே" என்றேன்.

"போனா அங்கேருந்து நேரா ஜெயிலுதான். ரத்தக்கட்டுதான் தங்கச்சி, ஒத்தடம் குடுத்தா சரியாப்போயிரும்."

ஒத்தடத்தில் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் நல்ல இடத்தில் வைத்து, சூடு பதமா என்று கேட்டுவிட்டுத்தான் நோவு கண்ட இடத்தில் வைப்போம். உன் இடது கால் ஜோராக மடங்கியது, நீண்டது, உதைத்தது. அதுதான் நல்ல கால் என்று நீ, நான், அம்மா மூன்று பேருமே முடிவு கட்டினோம். அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, சாக்கில் சுற்றி, அந்தக் காலில் வைத்தேன்.

"சூடு போதுமாண்ணே?"

"சூடே இல்லியே. இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல போடு."

போட்டேன். மறுபடியும் போட்டேன். மூன்றாம் தடவை, "ஏதோ வச்ச மாதிரி இருக்கு" என்றாய். அதை எடுத்து வலது காலில் வைத்ததும் துள்ளினாய். "சுடுது, எடு எடு" என்று கத்தினாய். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "செத்த காலுக்கு உசிர் வந்துருச்சு ராசா" என்றாள். அன்று பகல் முழுக்க இடது காலில் பதம் பார்த்துப் பார்த்தே கொடுத்தோம்.

வெளிச்சத்துக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தபோதுதான் பார்த்தேன். சாக்கோடு உன் இடது கெண்டைக்கால் தோல் உரிந்து வந்தது. நீ வெற்றிலை மென்றுகொண்டு, களத்தில் போர் அடித்துவிட்டார்களா என்று சித்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாய். நீ கத்தியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், அந்தப் பயம் திரும்ப வந்தது இன்றைக்குத்தான்.

புண் சீழ் வைத்துக் காய்ச்சல் அனலாக அடித்த பிறகும் இரண்டு நாள் போலீசுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் நீடாமங்கலத்தில் ரயில் ஏற்றினோம். கால் எப்படி வெந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "நாந்தான் அடுப்புல வச்சுட்டேன்" என்றாய். என்னைப் பார்க்கவே இல்லை. ஐந்தாம் நாள் போய்விட்டாய்.

"நாம பயந்துருவோம்னு எம்புள்ள பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கிட்டான்" என்று சாகும்வரை அம்மா சொன்னாள். நானும் அதைத்தான் நம்பினேன். நீ பொறுத்துக்கொண்டு படுத்திருக்க, நான் சுடச்சுட வைத்திருக்கிறேன். அடுப்பு மூட்டும்போதெல்லாம் அதுதான் நினைப்பு.

டாக்டர் ஒரு தாளில் முதுகை வரைந்து கோடு போட்டுக் காட்டினாள்.

"தொடுற உணர்வு அந்தந்தப் பக்கமாவே மேல போகும்மா. வலியும் சூடும் அப்படியில்ல. தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச தூரத்துலயே எதிர்ப்பக்கம் தாண்டி அந்தப் பக்கமா ஏறும். வலப்பக்கம் வெட்டுப்பட்டா, நடக்க முடியாமப் போறது வலது காலு. சூடு தெரியாமப் போறது இடது காலு."

"அப்ப எங்கண்ணனுக்குச் சுடவே இல்லியா?"

"சுட்டது தலைக்குப் போய்ச் சேரவே இல்லம்மா."

எனக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். அது கிடக்கட்டும்.

நீ பல்லைக் கடிக்கவில்லை. ஐம்பது வருஷமாகச் சுமந்த பாரம் இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் நினைக்க முடிந்தது. அம்மாவிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். அந்த மூன்றாம் தடவை, சாக்கையும் மீறி என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. மோரை ஊற்றிக்கொண்டு, தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். எவ்வளவு சூடு என்று என் கைக்குத் தெரியும் அண்ணே. நீ சூடில்லை என்றாய். நான் என் கையை நம்பவில்லை.