நத்தைகள் மட்டும்

சனி, 8 பெப்ரவரி 2025

எழும்பியதும் தேத்தண்ணிகூடப் போடாமல் வலையையும் வெள்ளைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு பழைய ஆற்றுக்குப் போனேன். ஆறு என்பது பேருக்குத்தான். றோட்டுப் போட்ட காலத்தில் தொண்டைமானாற்றிலிருந்து வெட்டுப்பட்டுப்போன கிளை அது, எங்கள் வேலிக்குப் பின்னால். மாரித் தண்ணீர் சித்திரை வரை நிற்கும். மாதம் ஒருதரம் அள்ளி, அதில் உள்ள உயிர்களை எண்ணி எழுதுவது பதினொரு வருடப் பழக்கம். விலங்கியல் படிப்பிக்கிறவளுக்கு வேறென்ன பைத்தியம் பிடிக்கும்.

மூன்று தரம் வலை போட்டேன். தும்பிக் குடம்பி இல்லை. நீர்த்தெள்ளு இல்லை. இறால் குஞ்சு ஒன்றுகூட இல்லை. போன மாதம் ஒரு வலைக்கு நாற்பது தும்பிக் குடம்பி என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

தட்டத்தில் நத்தைகள் மட்டும் தம்பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஞாயிறு, 9

தண்ணீர் அழுகிக் காற்றுக் குறைந்திருந்தால்? அப்படியென்றால் சிவப்புப் புழு பெருகியிருக்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கும் நுளம்புப் புழு தப்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பூச்சியும் இறாலும் துடைத்தெடுத்த மாதிரிப் போக, நத்தைக்கு ஒன்றுமில்லை. இப்படி ஆள் பார்த்துக் கொல்வது வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்துதான்.

ஆனால் கரையில் தோட்டமே இல்லையே. எப்படி வந்தது?

புதன், 12

பௌர்ணமி, போயா லீவு. விடியப் பழைய ஆற்றடியில் போய் நின்றேன். தாழம்பற்றைக்குப் பின்னால் வெங்காயத் தோட்டக்கார அருளம்பலம் மாமா, முதுகில் கொழுவி அடிக்கிற மருந்து மெசினைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெறும் போத்தல்கள், ஒரு குவியல்.

"இஞ்சையோ கழுவுறியள்?" என்றேன்.

"வேறை எங்கை, ரீச்சர்? கிணத்தடியிலை கழுவக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னியள். அண்டைக்குக் கூட்டத்திலை மைக்கைப் பிடிச்சால் விட்டனீங்களே!" சிரித்தார். "எல்லாரும் உங்கடை சொல்லுத்தான் கேக்கிறம். ஒருத்தரும் இப்ப கிணத்தடியிலை கழுவிறேல்லை. இந்த வருசம் எல்லாரும் இஞ்சைதான்."

எல்லாருமோ? எத்தனை பேர்? போத்தல்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். வீட்டுக்கு வந்து கதிரையில் அப்படியே இருந்தேன். நான் சொன்னது. நான்தான் சொன்னனான்.

வியாழன், 13

பழைய நோட்டீஸ் அகப்பட்டது. 2016, கமக்காரர் கூட்டம். "கிணறு நம் உயிர். மருந்து மெசினைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்." கீழே என் பெயர், பட்டம் உட்பட.

எங்கே கழுவுவது என்று ஒரு வரி இல்லை.

கிணற்றைச் சாமியறை மாதிரி வைத்திருக்கிற சனம். கழுவாதே என்றால் கழுவாது. ஆனால் மெசினை எங்கேயாவது கழுவத்தானே வேண்டும்? ஒருவருக்கும் சொந்தமில்லாத தண்ணீருக்குக் கொண்டுபோகும். அது எனக்கு ஏன் தெரியவில்லை? ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல், ஓரிடத்தில் ஊற்றினால் பக்கத்துக் கிணற்றில் வரும் என்று வருடா வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள் நான்.

பழைய ஆற்றிலிருந்து அண்ணையின் கிணறு முப்பது யார் தூரம்.

பின்னேரம் அங்கே போய்த் தண்ணீர் அள்ளினேன். அண்ணையின் மனைவி, மச்சாளுக்குப் பெருமை. "பாரும் கலா, இந்த வருசம் ஒரு புழு பூச்சி இல்லை. கண்ணாடி மாதிரி."

போத்தலை இறுக்கி மூடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

சனி, 15

நேற்றுக் காலை இரண்டு ஜாடி வைத்தேன். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் அண்ணையின் கிணற்றுத் தண்ணீர். பூச்சாடித் தட்டில் பிடித்த நுளம்புப் புழு பத்துப் பத்தாக விட்டேன்.

இன்று காலை மழைத் தண்ணீரில் பத்தும் நெளிந்தன. மற்றதில் பத்தும் அடியில்.

திரும்ப எண்ணினேன். பத்து.

அந்தக் கிணற்றிலிருந்துதான் முன்பள்ளிக்குக் குழாய் போகிறது. இருபத்துமூன்று பிள்ளைகள். எங்களைப் பெற்ற ஐயாவின் நினைவாக அண்ணை கொடுத்தது, சுவரில் கல் பதித்திருக்கிறது. ரீச்சர் ஷாமினி ஒவ்வொரு பிள்ளையின் போத்தலையும் அதில்தான் நிரப்புவாள்.

ஞாயிறு, 16

அண்ணையிடம் ஜாடிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தொடவில்லை.

"நுளம்புப் புழு செத்தால் நல்லதுதானே? சுகாதாரக்காரருக்கு வேலை மிச்சம்."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. பிள்ளையள் குடிக்குதுகள்."

"நாங்களும்தான் குடிக்கிறம். செத்தே போனம்? தண்ணியைக் கொழும்புக்கு அனுப்பு, முடிவு வரட்டும்."

"மூண்டு கிழமை செல்லும்."

"செல்லட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஐயான்ரை பேர் அந்தக் கல்லிலை கிடக்கு. இண்டைக்கு நீ வாய் திறந்தால் நாளைக்கு என்ன சொல்லுவாங்கள் தெரியுமோ? சண்முகநாதன் குடும்பம் பிள்ளையளுக்கு நஞ்சு குடுத்ததெண்டு. கூட்டத்திலை கதைச்சதும் நீதான். உன்னை விடுவாங்களே?"

மச்சாள் எங்கள் இருவருக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வழமை. நான் குடிக்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே, அண்ணைக்கு வைத்ததையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொழும்புக்கு அனுப்பப் போத்தல் கட்டியாயிற்று. முடிவு நான் நினைத்த மாதிரி இல்லாவிட்டால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும்.

பழைய நோட்டீஸின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பெரிய எழுத்தில் எழுதினேன்: இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மருந்து மெசின்கள் பழைய ஆற்றில் கழுவப்படுகின்றன. கிணற்றடியில் கழுவாதீர்கள் என்று சொன்ன நான், எங்கே கழுவுவது என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது. கீழே முழுப்பெயர். பட்டம் போடவில்லை.

முன்பள்ளி திங்கள் எட்டு மணிக்குத் திறக்கும். ஏழுக்கே போய்க் குழாயின் வால்வை இறுக்கிப் பூட்டிவிட்டு, ஐயாவின் கல்லுக்குப் பக்கத்தில் இதை ஒட்டுவேன்.

அண்ணைக்குச் சொல்லவில்லை. ஷாமினிக்கும் இல்லை. பசை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.